அளந்தறிந்த பேரறிஞர் அல்-பீரூனி

தராசும் முழக்கோலும் பிடித்துப் பிழைக்கும் சமூகம் நம்முடையது. வந்த சரக்கை நிறுத்துப் பாராமல் நாம் ஏற்பதில்லை. சொன்ன தொகையைக் கூட்டிப் பாராமல் பேரேட்டில் பதிவதில்லை. இதே வழக்கத்தை வானத்துக்கும் பூமிக்கும் பொருத்தி, கேட்டதை அப்படியே நம்பாமல் அளந்து பார்த்தே சொல்வது என்று வாழ்நாள் முழுதும் நின்றவர் ஒருவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இருந்தார். அபூ ரைஹான் முஹம்மது இப்னு அஹ்மது அல்-பீரூனி என்பது அவர் பெயர்.

ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் உள்ள பிள்ளைகள் இன்று பள்ளியில் வான சாஸ்திரமும் மண்ணியலும் படிக்கிறார்கள். நட்சத்திரத்தையும் பாறையையும் படித்து என்ன ஆகப் போகிறது, கடைக் கணக்குக்கு அது உதவுமா என்று கேட்கும் பெற்றோரும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு விடையாகவே இப்பெரியாரின் சரித்திரத்தை இங்கே சுருக்கிக் கூறுகிறோம்.

கி.பி. 973-ல், இன்றைய உஸ்பெகிஸ்தானைச் சேர்ந்த குவாரிஸம் நாட்டின் காத் நகரத்தை ஒட்டி அவர் பிறந்தார். பீரூன் என்றால் பாரசீகத்தில் வெளிப்புறம் என்று பொருள். நகரின் வெளிப்புறத்தார் என்பதே அவருக்குப் பெயராக நிலைத்துவிட்டது. அரச குடும்பத்தில் பிறந்த கணித மேதையான அபூ நஸ்ர் மன்சூர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார்.

பதினேழு வயதிலேயே அவர் சூரியனின் உச்சி உயரத்தை அளந்து, தம் ஊர் பூமியின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை பாகை வடக்கே இருக்கிறது என்று கணக்கிட்டார். இதன் தத்துவம் எளிது. வடக்கே செல்லச் செல்லத் துருவ நட்சத்திரம் வானில் உயரும். தெற்கே வர வரத் தாழும். நாகப்பட்டினத்தில் அடிவானத்துக்கு மேல் சுமார் 11 பாகை உயரத்தில் நிற்கும் அந்த நட்சத்திரம், ரிங்லெட்டில் சுமார் நாலரைப் பாகை உயரமே நிற்பதால் மலைகளுக்குப் பின்னே மறைந்துவிடுகிறது. உச்சிச் சூரியனின் உயரமும் இவ்வாறே இடத்துக்கு இடம் மாறும். அந்த மாறுதலை அளந்தால் இடம் தெரிந்துவிடும்.

995-ல் குவாரிஸத்தில் உள்நாட்டுப் போர் மூண்டது. அவரை ஆதரித்த அரச வமிசம் வீழ்ந்தது. இருபத்திரண்டு வயதில் ஊரை விட்டு ஓடினார். ரய் நகரில் வறுமையோடு திரிந்தபோது, வான சாஸ்திரி ஒருவர் இவர் கந்தையைக் கண்டு இவர் சொன்ன கணக்கையும் இகழ்ந்தார். பின்னர் இவர் நிலைமை சீர்ப்பட்டதும் அதே மனிதர் மரியாதை காட்டினார். உடையைப் பார்த்து மதிப்புப் போடும் உலகம் அன்றும் இருந்தது.

இரண்டாண்டில் காத் திரும்பிய அவர், பக்தாதிலிருந்த அபுல் வஃபா என்னும் கணித அறிஞருடன் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். 997 மே 24 இரவு சந்திர கிரகணம். அதை இருவரும் தத்தம் ஊரிலிருந்து பார்த்து நேரம் குறிக்க வேண்டும். கிரகணம் இருவருக்கும் ஒரே கணத்தில்தான் நிகழ்கிறது. ஆனால் இரண்டு ஊர்களின் உள்ளூர் நேரம் ஏறத்தாழ ஒரு மணி வேறுபட்டது. பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்வதால், இரண்டு ஊர்களுக்கும் கிழக்கு மேற்காக உள்ள இடைவெளி இதிலிருந்து கிடைத்துவிட்டது.

ஊருக்குத் தொலைபேசியில் பேசும் நமக்கு இது புதிதன்று. இங்கே கடை அடைக்கும் நேரத்தில் அங்கே இரண்டரை மணி பின்னே இருக்கிறது. ஆனால் சூரியன் கணக்கில் ரிங்லெட்டுக்கும் நாகைக்கும் ஒன்றரை மணிக்கும் சற்றுக் குறைந்த வேறுபாடுதான் உண்டு. மீதம் சர்க்கார்கள் தத்தம் வசதிக்கு வைத்துக்கொண்ட கடிகாரக் கணக்கு. தீபகற்ப மலேசியாவிலும் 1982 தொடக்கத்தில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள் அல்லவா!

அல்-பீரூனி 1000-ஐ ஒட்டி, பல சமூகத்தாரின் பஞ்சாங்கங்களையும் ஆண்டுக் கணக்குகளையும் ஒப்பிட்டுப் பெரிய நூல் ஒன்று எழுதினார். மீண்டும் தாய்நாட்டில் அரசவைப் பெருமை பெற்று வாழ்ந்துவருகையில், 1017-ல் கஜ்னியின் சுல்தான் மஹ்மூது குவாரிஸத்தைக் கைப்பற்றினார். அறிஞர்கள் பலரோடு அல்-பீரூனியும் கஜ்னிக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

நாடிழந்து, நண்பரிழந்து, கருவிகளையும் இழந்த நிலை. 1018 அக்டோபரில் காபூலுக்கு அருகே ஒரு கிராமத்தில் மனத்துயரோடு தங்கியிருந்தார். அப்போதும் அந்த ஊரின் இருப்பிடத்தை அளக்காமல் விடவில்லை. கணக்குப் போடும் பலகையின் பின்புறத்தில் வட்டக்கோடு வரைந்து, பாகைகளைக் குறித்து, தூக்குக்குண்டு நூல் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டுச் சூரியனின் உயரத்தை அளந்தார். வசதி வரட்டும், பிறகு பார்ப்போம் என்று அவர் காத்திருக்கவில்லை.

அதன் பின் வந்ததே அவர் புகழை நிலைநாட்டிய அளவை. இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில் உப்பு மலைத்தொடர் இருக்கிறது. நம் கடைகளில் இந்துப்பு என்றும் இமாலய உப்பு என்றும் விற்கப்படும் இளஞ்சிவப்பு உப்பு அத்தொடரிலுள்ள கேவ்ராச் சுரங்கத்திலிருந்தே வருகிறது. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன கடலின் எச்சம் அது. அதே தொடரில் நந்தனா என்ற கோட்டைக்கு அருகே, பரந்த சமவெளியை நோக்கி நிற்கும் ஒரு குன்றை அவர் தேர்ந்துகொண்டார். கீழே இரண்டு இடங்களிலிருந்து உச்சியைப் பார்த்து, குன்றின் உயரம் 652 முழம் என்று கணக்கிட்டார். பிறகு மேலே ஏறி அடிவானத்தை நோக்கினார். பூமி தட்டையாய் முடிவின்றிப் பரந்திருந்தால் அடிவானம் கண்மட்டத்திலேயே நிற்க வேண்டும். உருண்டையாக இருப்பதால் சிறிது தாழ்ந்து தெரிகிறது. அந்தத் தாழ்வு, முழுநிலவின் அகலத்தைவிடச் சற்றே அதிகமான 34 கலை என்று அளந்தார்.

குன்றின் உயரமும் இந்தக் கோணமும் சேர்ந்தால் பூமியின் ஆரம் கிடைத்துவிடும். அவருக்குக் கிடைத்தது சுமார் 1 கோடியே 28 லட்சம் முழம். முழத்தை அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால் இது 6,400 கிலோமீட்டர். இன்றைய கணக்கு 6,371 கிலோமீட்டர். அக்கால முழம் ஊருக்கு ஊர் வேறுபட்டது. காற்று ஒளிக்கதிரை வளைப்பதும் அளவைச் சிறிது மாற்றும். ஆகவே கடைசி இலக்கம் வரை சரியென்று பெருமையடிப்பது நியாயமாகாது. எனினும், பாலைவனத்தில் பல காதம் கயிறு பிடித்து நடக்காமல் ஒரே குன்றின் மேல் நின்று பூமியை அளந்த யுக்தி வியக்கத்தக்கது.

மஹ்மூதின் படையெடுப்புகளால் திறந்த வழியில் இந்தியாவுக்கு வந்த அவர், அங்கே மாணவராகவே அமர்ந்தார். முதிர்ந்த வயதில் சமஸ்கிருதம் கற்று, பண்டிதர்களிடம் பாடம் கேட்டு, பதஞ்சலியின் யோக நூலை அரபியில் பெயர்த்தார். இந்தியாவைப் பற்றி 1030-ஐ ஒட்டி முடித்த பெருநூலில், அந்நாட்டு விஞ்ஞானத்தில் சிறந்ததைச் சிறந்ததென்றும் பிழையைப் பிழையென்றும் எழுதினார். தம்மைக் காத்துவந்த சுல்தானின் போர்களால் அந்நாட்டின் வளம் அழிந்ததையும், அறிஞர்கள் தொலைவிடங்களுக்கு ஓடிப்போனதையும் மறைக்காமல் பதிந்தார். தராசு வேண்டியவருக்கு ஒருபுறமும் வேண்டாதவருக்கு ஒருபுறமும் சாயலாகாது என்பதை அவர் சரித்திரத்திலும் கடைப்பிடித்தார்.

அந்நூலில்தான் மண்ணியலின் மூலபாடம் ஒன்று வருகிறது. வட இந்திய ஆறுகளில் மலையடிவாரத்துக் கற்கள் பெரியவை. கீழே வரவரச் சிறியவை. கடலை நெருங்கினால் வெறும் மணல். நீரின் வேகம் குறையக் குறைய, தூக்கிவந்த சுமையைப் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாகப் போட்டுவிட்டுப் போகிறது. ஆகவே அச்சமவெளி முழுதும் ஒரு காலத்தில் கடலாக இருந்து, ஆறுகள் கொணர்ந்த வண்டலால் தூர்ந்தது என்று அவர் முடிவு செய்தார். வேறொரு நூலில், கிணறு தோண்டும்போது தெரியும் மண்ணடுக்குகளையும், பாலை மணலில் கிடைக்கும் சிப்பிகளையும் சான்று காட்டி, அரேபியப் பாலையும் முன்னாளில் கடலே என்று எழுதினார்.

ரிங்லெட் வாசிகளுக்கு இப்பாடத்தை ஏட்டில் காட்ட வேண்டியதில்லை. நம் மலைகள் கருங்கல் மலைகள். வெயிலிலும் மழையிலும் அக்கல் உளுத்து மண்ணாகி ஆழமாகக் கிடக்கிறது. காட்டை வெட்டிச் சரிவைத் திறந்துவிட்டால் ஒவ்வொரு மழைக்கும் அது பெர்த்தாம் ஆற்றில் இறங்குகிறது. 1963-ல் முடிந்த சுல்தான் அபு பக்கார் அணைக்குப் பின்னே ஆற்றின் வேகம் நின்றுவிடுவதால், சேறு அங்கேயே படிகிறது. நீருக்கென்று வெட்டிய இடத்தை மண் பிடித்துக்கொள்கிறது. 2013 அக்டோபர் 23 அன்று கனமழையில் அணையிலிருந்து நீரைத் திறந்துவிட நேர்ந்தபோது, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளும் வாகனங்களும் அடித்துச் செல்லப்பட்டு உயிர்களும் போயின. ஆறு தன் சுமையை எங்கே இறக்கும் என்று ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒருவர் எழுதிவைத்த பாடம், நம் வாசலிலேயே உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாக நிற்கிறது.

வணிகர்கள் விரும்பிப் படிக்கத்தக்க நூலும் அவருடையது உண்டு. இரத்தினங்களையும் உலோகங்களையும் பற்றி எழுதி, விலைகளையும் போலிகளையும்கூட விவரித்தார். நிறத்தைக் கண்டு ஏமாறாமல் கல்லை அறிய அவர் கையாண்ட வழி இதுதான்: மூக்குக்குழாய் உள்ள கூம்புப் பாத்திரத்தில் நீரை விளிம்பு வரை நிரப்பி, நிறுத்த கல்லை உள்ளே இட்டு, வழியும் நீரையும் நிறுப்பார். கல் நீரைப்போல் எத்தனை மடங்கு கனமென்று தெரிந்துவிடும். மாணிக்கம் சுமார் 4 மடங்கு. கண்ணாடி சுமார் இரண்டரை மடங்கே. சிவப்புச் சாயம் தராசை ஏமாற்றாது.

நம் மலைக்கு மேற்கே கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் குவிந்ததும் இதனாலேயே. ஈயத்தாது நீரைப்போல் சுமார் 7 மடங்கு கனம். சாதாரண மணல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். கருங்கல் உளுத்து வந்த மண்ணை ஆறு அலசி, லேசானதைக் கொண்டுபோய்க் கனத்ததை விட்டுச் சென்றது. பெண்கள் மரத்தட்டில் மண்ணை அலசி ஈயம் எடுத்ததும் இதே முறைதான்.

1029-ல் ரைஹானா என்ற பெண்மணிக்காக அவர் கேள்வி பதில் உருவில் வான சாஸ்திரப் பாலபாடம் ஒன்று எழுதினார். பெண்மக்களுக்கு இப்படிப்பு எதற்கு என்போர் இதைக் கவனிக்க வேண்டும். ஊர்களின் இருப்பிடத்தைக் கணக்கிடும் நூலில், கஜ்னியிலிருந்து கிப்லாவின் திசையைச் சரியாகக் காணும் வழிகளை விளக்கினார். அந்தச் சோதனையை நாமும் எளிதாகச் செய்யலாம். ஆண்டுதோறும் மே 28-ல் மாலை ஐந்தே கால் மணி அளவிலும், ஜூலை 16-ல் ஐந்தரை மணி அளவிலும் சூரியன் கஃபாவுக்கு நேர் உச்சியில் நிற்கிறது. அப்போது நேராக நட்ட குச்சியின் நிழலுக்கு எதிர்த்திசையே கிப்லா.

சுல்தான் மஸ்ஊதின் பெயரால் அவர் எழுதிய மாபெரும் வான சாஸ்திர நூலுக்குப் பரிசாக யானைச் சுமை வெள்ளி வந்தது என்றும், அது தமக்குத் தேவையில்லையென்று திருப்பியனுப்பினார் என்றும் ஒரு வரலாறு வழங்குகிறது. அறுபது கடந்தபோது தாம் எழுதியவற்றுக்குத் தாமே பட்டியல் போட்டார். 113 நூல்கள் அதில் இருந்தன. அதன் பின்னும் எழுதினார். முதுமையிலும், கண்ணும் காதும் தளர்ந்தும், மருந்துச் சரக்குகளைப் பற்றிய நூலொன்றில் ஈடுபட்டிருந்தார். 1050-ஐ ஒட்டிக் கஜ்னியில் காலமானார். சந்திரனில் ஒரு பள்ளத்துக்கு இன்று அவர் பெயர் இட்டிருக்கிறார்கள்.

அவருடைய கடைசி நாளைப் பற்றிப் பழைய சரித்திர நூல்கள் கூறும் செய்தி ஒன்றுண்டு. மார்க்கச் சட்டம் கற்ற நண்பர் ஒருவர் பார்க்க வந்தார். மூச்சுத் திணறிக்கொண்டிருந்த நிலையிலும், பாகப்பிரிவினையில் பாட்டிமார் பங்கைப் பற்றி முன்பு பேசிய ஒரு கணக்கை மறுபடி விளக்கும்படி அல்-பீரூனி கேட்டார். இந்த நிலையிலா என்று நண்பர் இரங்க, அறியாமல் போவதைவிட அறிந்துகொண்டு போவது மேலல்லவா என்று அவர் கேட்டாராம். நண்பர் சொல்ல, இவர் அதை மனத்தில் வாங்கித் திருப்பிச் சொன்னார். விடைபெற்று வெளியே வந்த நண்பர் தெருவைக் கடக்குமுன்பே வீட்டிலிருந்து அழுகுரல் எழுந்தது.

சகோதரர்களே! நம் பிள்ளைகளில் ஒருவர் கல்லையும் மண்ணையும் வானத்தையும் படிக்க விரும்பினால் அது கடைக்கு ஆகாது என்று தடுத்துவிட வேண்டாம். நம் கடைகள் நிற்பது இந்த மலைச்சரிவின் மேல்தான். அதன் கணக்கு தெரிந்தவர் ஒருவராவது நம்மிடையே இருப்பது நல்லது.