6174: தேவ்லாலி வாத்தியாரின் எண்

கோடிங் பிராக்டிஸ்ல இந்தக் கணக்கை நீங்களும் பார்த்திருப்பீங்க. ஒரு நாலு இலக்க எண் எடுக்கணும். நாலும் ஒரே இலக்கமா இருக்கக் கூடாது. இலக்கங்களை இறங்குவரிசையில் அடுக்கி, அதிலிருந்து ஏறுவரிசையில் அடுக்கினதைக் கழிக்கணும். வர்ற விடையை மறுபடியும் அடுக்கிக் கழிக்கணும். அதிகபட்சம் ஏழு சுற்றுக்குள்ள 6174 வந்துடும். அதுக்கு மேல நகராது: 7641 − 1467 = 6174.

ஒரு வைல் லூப், ஒரு சார்ட். டெஸ்ட் கேஸ் பாஸ் ஆனதும் மறந்துடுறோம். இந்த எண்ணுக்குப் பின்னாடி ஒரு ஸ்கூல் வாத்தியார் இருக்கார்.

தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேகர். 1905 ஜனவரி 17 அன்று மகாராஷ்டிராவின் தஹானுவில் பிறந்தவர். எட்டு வயசுல அம்மாவை இழந்தார். அப்பா ஒரு கிளார்க். ஜோசியத்தில் ஆர்வம் உள்ளவர். தானேவில் பள்ளி, புனே பெர்குசன் கல்லூரியில் படிப்பு. 1929-ல் பி.எஸ்ஸி. முடிச்சார். மேல்படிப்பு கிடையாது. 1930 முதல் 1962 வரை நாசிக் பக்கத்துல உள்ள தேவ்லாலியில் பள்ளி ஆசிரியர்.

6174-ஐ அவர் முதலில் அறிவிச்சது நம்ம சென்னையில்தான், 1949-ல் நடந்த கணித மாநாட்டில். ஆனா பல கணித அறிஞர்களுக்கு அவருடைய வேலை வெறும் விளையாட்டாத்தான் தெரிஞ்சது.

விளையாட்டுதானான்னு நீங்களே பாருங்க. பெரிய இலக்கத்துக்கும் சின்ன இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை 999-ஆலும், நடு ரெண்டின் வித்தியாசத்தை 90-ஆலும் பெருக்கிக் கூட்டினா போதும், கழித்தல் விடை வந்துடும். அதனால 9990 எண்களும் முதல் சுற்றிலேயே வெறும் 54 விடைகளுக்குள்ள அடங்கிடும். அந்த 54-க்கும் போட்டுப் பார்த்தா நிரூபணம் முடிஞ்சது. ஒரு எச்சரிக்கை: 1000-ல் ஆரம்பிச்சா 999 வரும். அதை 0999-ன்னு எடுக்கலைன்னா உங்க புரோகிராம் பூஜ்யத்தில் போய் நிற்கும்.

தான் கண்டுபிடிச்ச எண்களுக்கு அவர் ஊர்ப் பெயர் வைப்பார். மும்பைக்குப் பக்கத்து ரயில் நிலையம் ஒன்றின் பெயரில் டெம்லோ எண்கள். வேலை பார்த்த ஊர்ப் பெயரில் தேவ்லாலி எண்கள். கட்டுரைகளைச் சின்னப் பத்திரிகைகளில் போட்டார். சிலதைச் சொந்தமா அச்சடிச்சார்.

1966-ல் மனைவி இறந்தார். பென்ஷன் போதாம டியூஷன் எடுத்தார். 1975-ல் மார்ட்டின் கார்ட்னர், சயின்டிபிக் அமெரிக்கன் இதழில் அவரைப் பற்றி எழுதின பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அப்போ அவருக்கு வயசு 70. 1986-ல் காலமானார்.

அவர் பிறந்த 1905-ஐப் போட்டுப் பாருங்க: 9351, 8172, 7443, 3996, 6264, 4176, 6174. சரியா ஏழு சுற்று. இறந்த 1986-ஐப் போட்டா முதல் சுற்றிலேயே 8172. அப்புறம் அதே வழிதான்.

கல்வராயன் மலையடிவாரத்துல இருக்கிற எங்க வடக்கனந்தல்ல இருந்து கள்ளக்குறிச்சிக்குப் பஸ்ல வரும்போது, முன்னாடி போற வண்டியின் நம்பரை எடுத்து மனசுக்குள்ளேயே அடுக்கிக் கழிச்சுட்டு வருவேன். லேப் வேண்டாம், நெட் வேண்டாம். தேவ்லாலி பேர்ல எண் இருக்கு. வடக்கனந்தல் எண்கள், உங்க ஊர் எண்கள் இன்னும் யாரும் கண்டுபிடிக்கலை, அவ்வளவுதான்.