காற்றை ஆண்ட காருகுறிச்சியார்

நாதசுரம் மங்கலமாம்! ஊதுகிறவனுக்கு மட்டும் உட்கார இடம் இல்லையாம்! இசையை வீட்டுக்குள் அழைத்தவர்கள், இசைத்தவனைத் தோளில் துண்டின்றி வாசலிலே நிற்க வைத்த காலம் அது. அந்த வழக்கத்தை முறியடித்து, சட்டை அணிந்து, மேடையிலே அமர்ந்து வாசித்தார் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை.

அவரிடம் பயின்ற இளஞ்சிங்கம்தான், நம் தாமிரபரணிக் கரை தந்த காருகுறிச்சி அருணாசலம். பிறந்தது 1921இல். குருவோடு இணைந்து ஊதினார், குருவின் பாணியைத் தமதாக்கினார், தனி மேளம் அமைத்தார், கோவில்பட்டியிலே குடியேறினார். குருவைப் போலவே நாடு போற்றும் கலைஞரானார்.

1962இல் வந்தது 'கொஞ்சும் சலங்கை'. எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையமைக்க, எஸ். ஜானகியின் குரலோடு போட்டியிட்டது காருகுறிச்சியாரின் நாதசுரம். சபாவின் படியேறாத உடன்குடிப் பனைத்தொழிலாளியும், கலியாண வீட்டு ஒலிபெருக்கியிலே ஆபேரி ராகத்தைக் கேட்டான். பெயர் தெரியாது அவனுக்கு, சுவை தெரியும்! சீமான்களின் கூடத்திலே சிறைப்பட்டிருந்த கலை, சாமானியனின் தெருவுக்கு வந்தது.

1964இல், 45 வயதைக்கூட எட்டாமல், அந்த மூச்சு அடங்கிற்று.

தோழர்களே! சிலைக்கு மாலையிட்டால் மட்டும் கடன் தீர்ந்துவிடாது. உங்கள் வீட்டுத் திருமணத்திலே மேளக்காரருக்கு மேடையிலே இடம் கொடுங்கள். கூலியிலே பேரம் பேசாதீர்கள். முதல் பந்தியிலே அமர வையுங்கள். சுயமரியாதை என்பது மேடைப் பேச்சல்ல; பந்தியிலே போடும் இலை!