வெடித்த துப்பாக்கியோடு காட்டுக்குப் போன சிறுவன்

ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட்டின் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. ஆனால் அவருடைய முதல் துப்பாக்கி பாதி உடைந்த துப்பாக்கி என்பது பலருக்குத் தெரியாது.

இமயமலைச் சாரலில் உள்ள நைனிடால் ஊரில், 1875-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி கார்பெட் பிறந்தார். தந்தை தபால் அதிகாரி. பெரிய குடும்பம். ஜிம் சிறுவனாக இருந்தபோதே, 1881-ல், தந்தை இறந்துவிட்டார். குளிர்காலம் வந்தால் குடும்பம் மலையை விட்டு இறங்கி, காலாடுங்கி என்ற ஊருக்கு வந்துவிடும். வீட்டை அடுத்தாற்போல் காடு.

சிறுவன் கையில் முதலில் இருந்தது ரப்பர் கவண். பிறகு களிமண் உருண்டை எறியும் வில். அந்த வட்டாரத்துப் பறவைகளைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்த ஸ்டீபன் டீஸ் என்பவருக்கு, ஜிம் பறவைகளை அடித்துக் கொண்டுவந்து கொடுப்பான். அவர்தான் எட்டு வயதுச் சிறுவனுக்கு ஒரு துப்பாக்கி கொடுத்தார்.

இரட்டைக் குழல் துப்பாக்கி. ஆனால் யாரோ மருந்தை அதிகமாகப் போட்டுச் சுட்டதால் வலது குழல் ஆறு அங்குலம் பிளந்து கிடந்தது. கட்டையும் உடைந்திருந்தது. குழலும் கட்டையும் கழன்று விழாதபடி பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். சுடுவதற்கு இருந்தது இடது குழல் ஒன்றுதான்.

ஒரே வெடி

நரிக்குறவர்கள் அணிலும் காடையும் சுடுவதற்கு வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். அதே ஜாதித் துப்பாக்கிதான் இதுவும். குழலின் வாய் வழியாகக் கரி மருந்தைக் கொட்ட வேண்டும். நாரோ துணியோ திணித்து, கம்பியால் இடிக்க வேண்டும். பிறகு ஈய ரவை. மறுபடியும் அடைப்பு. பழைய காலத்தில் விசையை இழுத்தால் சிக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசிப் பொறி பறக்கும். பொறி மருந்தில் விழுந்து வெடிக்கும். பிற்காலத்தில் கல்லுக்குப் பதிலாகச் சிறிய செம்புத் தொப்பி வந்தது. அமெரிக்கக் குடியானவர்கள் அணில் சுடுவதற்கென்றே இந்த மாதிரி நீளத் துப்பாக்கி வைத்திருந்தார்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. குறி தவறினால் அடுத்த வெடிக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து கெட்டிக்க வேண்டும். அதற்குள் அணில் அடுத்த மரத்துக்குப் போய்விடும். புலியாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

குன்வர் சிங் என்ற கிராமத்து வேட்டைக்காரர் ஜிம்முக்குக் குரு. அவர் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்த்தார். பித்தளைக் கம்பியைக் கவனிக்காதவர் போல, இடது குழல் மிக நன்றாக இருக்கிறதென்று பாராட்டினார். பிள்ளை மனசு தெரிந்த மனிதர்!

ஒரு நாள் ஜிம் காட்டுக்கோழிகளைத் தொடர்ந்து பதுங்கிப் போய், ஓர் இலந்தைப் புதருக்கு மேலாக எட்டிப் பார்த்தான். புதர் அசைந்தது. மறுபக்கத்திலிருந்து புலி ஒன்று வெளியே வந்தது! திரும்பி நின்று பையனைப் பார்த்தது. பிறகு மெதுவாக நடந்து போய்விட்டது. சும்மா இருக்கும் மனிதனைப் புலி சும்மா விட்டுவிடும் என்பதைச் சிறுவன் அன்று கண்ணால் கண்டான்.

சம்பாவத் பெண்புலி

வளர்ந்ததும் கார்பெட் ரெயில்வேயில் சேர்ந்தார். கங்கைக் கரையில் மொகாமே காட் என்ற இடத்தில், அகலப் பாதை வண்டியில் வந்த சரக்கை மீட்டர் பாதை வண்டிக்கு மாற்றும் குத்தகை வேலை. ராயபுரத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு அதன் கஷ்டம் புரியும். இருபது வருஷத்துக்கு மேல் அந்த வேலையைப் பார்த்தார். தொழிலாளர் பிள்ளைகள் படிக்கப் பள்ளிக்கூடமும் தொடங்கினார்.

1907-ல் சம்பாவத் ஊரில் ஒரு பெண்புலி. நேபாளத்திலும் குமாவுன் மலையிலுமாக அது கொன்றவர்கள் 436 பேர். கார்பெட் ஊர் மக்களைக் கூட்டி, சத்தம் போட்டு அதை விரட்ட வைத்தார். அவரிடம் இருந்தவை மூன்றே தோட்டாக்கள். ஒன்று தவறியது, இரண்டு பட்டன. ஆனாலும் புலி விழவில்லை. துப்பாக்கி காலி!

கார்பெட் ஓடிப்போய், உடன் வந்த தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கினார். அதுவும் பழுது. குழலுக்கும் அடிக்கட்டைக்கும் நடுவே அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளி. சுட்டால் தீ பின்னால் பாய்ந்து கண்ணைக் கெடுத்துவிடலாம். தெரிந்தேதான் சுட்டார். சுமார் இருபது அடி தூரம். வாய்க்கு வைத்த குறி காலில் பட்டது. முன்பே காயம்பட்டிருந்த புலி சாய்ந்தது.

செத்த புலியின் வாயைத் திறந்து பார்த்தார்கள். வலது பக்கத்துக் கோரைப் பற்களில் மேல் பல் பாதியாக இருந்தது. கீழ்ப் பல் எலும்பு வரை உடைந்திருந்தது. எப்போதோ யாரோ சுட்ட குண்டு! அந்தக் காயத்தால்தான் அது வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் மனிதனைத் தேடி வந்தது என்று கார்பெட் முடிவுக்கு வந்தார். கைதவறிய ஒரு வெடிக்கு 436 குடும்பங்கள் விலை கொடுத்தன.

அதன் பிறகு 1926-ல், 125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாகைச் சிறுத்தையை வீழ்த்தினார். 1938-ல், அறுபது வயதைத் தாண்டிய பிறகும், தாக் கிராமத்து ஆட்கொல்லியைச் சுட்டார். ஆனால் பொழுதுபோக்குக்காகப் புலி சுடுவது அவருக்குக் கசந்துவிட்டது. சினிமா கேமராவைத் தூக்கிக்கொண்டு புலிகளைப் படம் பிடித்தார். 1936-ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமைய உதவினார். 1944-ல் வந்த குமாவுன் புலிகள் பற்றிய புத்தகம் அவர் பெயரை உலகமெங்கும் கொண்டு சென்றது.

1947-ல் தமக்கை மேகியுடன் கென்யாவுக்குக் குடிபோனார். அங்கேயே 1955 ஏப்ரல் 19-ந் தேதி காலமானார். 1957-ல் அந்தப் பூங்காவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. காலாடுங்கியில் அவர் வாழ்ந்த வீடு இன்று காட்சி சாலை.