சர் பிட்டி தியாகராயரும் பள்ளிச் சிறார் உணவும்

நம் தேவாங்கர் குலத்துதித்த சர் பிட்டி தியாகராய செட்டியார் 1852-ஆம் ஆண்டிற் பிறந்தவர். நெசவு வாணிகத்திற் சிறந்த அப்பெருந்தகை, 1916-ல் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தை நிறுவியோருள் ஒருவராயினர். 1920-ல் தம்மை நாடிவந்த முதன்மந்திரிப் பதவியையும் ஏலாது விடுத்தனர்.

அவ்வாண்டில் அவர் சென்னை நகராண்மைக் கழகத் தலைவராய் விளங்கினர். வறியார் மக்கள் பசியினாற் கல்வி இழத்தலாகாதெனக் கருதி, ஆயிரம் விளக்குப் பள்ளியில், பிள்ளையொன்றுக்கு நாளொன்றில் ஓரணாவுக்கு மேற்படாத செலவிற் பகலுணவு அளிக்க மன்றத்தின் இசைவு பெற்றனர். பின்னர் மேலும் நான்கு பள்ளிகட்கு அது பரவிற்று. உண்ணும் பிள்ளைகளின் தொகையும் பெருகிற்று. ஆயினும், தொடக்கக் கல்வி நிதியை உணவிற்குச் செலவிடுதலை அரசாங்கத்தார் மறுத்தமையால், அவர் மறைந்த 1925-ஆம் ஆண்டிலேயே அவ்வறமும் தடையுற்றது.

எனினும் வித்து வீண்போகவில்லை. 1956-ல் காமராசர் ஆட்சியில் பகலுணவும், 2022-ல் காலையுணவும் அரசின் திட்டங்களாயின.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வாழ் நம்மவர்க்கு ஒரு விண்ணப்பம். அம்பத்தூரில் ஆவின் பாற்பண்ணை உளது. நம் பகுதிப் பள்ளிச் சிறார்க்கு எளிய விலையில் ஒரு குவளைப் பால் கிட்டச் செய்தல் நாம் ஒன்றுகூடின் அரிதன்று. ஓரணாவில் அறம் வளர்த்த அவர்க்கு நாம் செய்யும் கைம்மாறு அதுவேயாம்.