படகில் இருந்து பார்த்த காசி

ஆந்தையும் பூனையும் பச்சைப் படகில் கல்யாணம் பண்ணிக்கப் போகும் இங்கிலீஷ் பாட்டை நர்சரியில் நம்மில் பலர் பாடியிருப்போம். எழுதியவர் எட்வர்ட் லியர். ஆனால் அவருக்குச் சோறு போட்டது பாட்டு இல்லை, ஓவியம்.

1812-ல் லண்டனில் பிறந்தார். 21 பிள்ளைகளில் கடைசிக்கு முந்தியவர். அப்பாவுக்குப் பணக்கஷ்டம், வளர்த்தது மூத்த அக்கா ஆன். சின்ன வயசிலேயே வலிப்பு நோய். வெளியே தெரிந்தால் அவமானம் என்று நினைத்த காலம் அது. கடைசிவரை மறைத்தே வாழ்ந்தார். வலிப்பு வந்த நாட்களில் டைரியில் ஒரு சிலுவைக் குறி மட்டும் போட்டு வைப்பார்.

பதினைந்து வயதில் படம் வரைந்து விற்க ஆரம்பித்தார். இருபது வயதுக்குள் கிளிகளைப் பார்த்து வரைந்து புத்தகமே போட்டுவிட்டார். 1846-ல் விக்டோரியா ராணிக்கே டிராயிங் சொல்லிக் கொடுத்தார். ஆனாலும் பெரிய ஆயில் பெயின்டர் ஆகணும் என்ற ஆசை விடவில்லை. 1850-ல், 37 வயதில், ராயல் அகாடமி பள்ளியில் சின்னப் பசங்களோடு மாணவராகச் சேர்ந்தார்! அப்படியும் அந்த ஆசை முழுசாக நிறைவேறவில்லை.

61 வயதில், வைஸ்ராய் நார்த்புரூக் ஆதரவில், 1873 நவம்பரில் பம்பாய் வந்து இறங்கினார். கண்பார்வை மோசம், உடம்பும் சரியில்லை. துணைக்கு வேலையாள் ஜியார்ஜியோ. டிசம்பரில் காசி. இருண்டு கிடக்கும் ஊர் என்று நினைத்து வந்தவர், படித்துறைக் கூட்டத்தையும் நிறங்களையும் பார்த்து அசந்துபோனார். கங்கையில் படகில் உட்கார்ந்தே வரைந்து தள்ளினார். அடுத்த வருடம் நம்ம பக்கம்: மகாபலிபுரம், காஞ்சிபுரம், தஞ்சாவூர், திருச்சி.

அவர் வேலை செய்த விதம் சிவில் பசங்களுக்கு உடனே புரியும். நம்ம சர்வே ஃபீல்ட் புக் மாதிரிதான். நேரில் பார்த்துப் பென்சிலில் வேகமாக ஒரு ஸ்கெட்ச். அதிலேயே தேதி, நேரம், வரிசை எண், எங்கே என்ன நிறம் என்ற குறிப்பு. பிறகு சாவகாசமாக மையால் கோடு இழுத்து வாட்டர்கலர் பூசுவார். விற்பதற்கான பெரிய படங்களை இவற்றை வைத்துத்தான் வரைவார். அதாவது இவை அவருக்கு ரஃப் நோட்.

1888-ல் இத்தாலியின் சான் ரெமோவில் இறந்தார். அவர் உயிரைக் கொடுத்து வரைந்த ஆயில் படங்களைவிட அந்த ரஃப் நோட்டைத்தான் இன்றைக்குப் பலரும் தேடிப் பார்க்கிறார்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் அவை ஏராளமாக இருக்கின்றன.

பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்குத் திருச்சி பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். அடுத்த தடவை மலைக்கோட்டைக்குப் போனால் செல்ஃபியோடு ஒரு பென்சில் ஸ்கெட்சும் போட்டுப் பாருங்க. வரைய வராதா? கலர் பேரையாவது எழுதி வையுங்க.