சிட்னி சாப்மன்

சிட்னி சாப்மன் (ஜனவரி 29, 1888 – ஜூன் 16, 1970) இங்கிலாந்தைச் சேர்ந்த கணிதவியலாளரும் புவி இயற்பியலாளரும் ஆவார். வளிமண்டலத்தின் மேலடுக்குகள் சூரியக் கதிர்களால் அயனியாக்கம் பெறுவதையும், அங்கு ஓடும் மின்னோட்டங்கள் நிலத்திலுள்ள காந்த ஊசியை அசைப்பதையும் கணித வடிவில் ஆராய்ந்தவர். தென் தமிழ்நாட்டுக்கு மேலே பகலில் ஓடும் வலிமையான மின்னோட்டம் இவர் இட்ட பெயராலேயே அறியப்படுகின்றது.

வாழ்க்கை

மான்செஸ்டருக்கு அருகிலுள்ள எக்கிள்சு என்ற ஊரில் பிறந்தார். பல்கலைக்கழக உதவித்தொகைக்குத் தேர்வான 15 மாணவர்களுள் இவரே கடைசி இடத்தில் இருந்தார். 16ஆவது அகவையில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1907இல் பொறியியல் பட்டம் பெற்றார். ஆயினும் மனம் கணிதத்தையே நாடியதால் மேலும் ஓராண்டு அங்கு பயின்று, பின்னர் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரிக்குச் சென்றார். 1910இல் கிரீனிச் வான் ஆய்வகத்தில் பணியேற்றார். அங்கு காந்த அளவீட்டுப் பணியில் ஈடுபட்டதே வாழ்நாள் ஆய்வின் தொடக்கமாயிற்று. பின்னர் மான்செஸ்டர், இலண்டன் இம்பீரியல் கல்லூரி, ஆக்சுபோர்டு ஆகியவற்றில் பேராசிரியராக இருந்தார். இறுதிக் காலத்தில் அலாசுக்காவிலும் கொலராடோவிலும் பணியாற்றினார்.

சூரியப் பிழம்பும் காந்த ஊசியும்

1859 செப்டம்பர் 1 அன்று ரிச்சர்டு கரிங்டன் சூரியனில் திடீர் ஒளிவெடிப்பு ஒன்றைக் கண்டார். அதே வேளையில் கியூ ஆய்வகத்தின் காந்தப் பதிவில் சிறு கொக்கி போன்ற வளைவு தோன்றியது. இதன் காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை. மேல்வளியில் மின்னோட்டம் ஓடக்கூடும் என்று பால்போர் சுடூவர்ட்டு 1882இல் கருதினார். ஆர்தர் சூசுட்டர் அதை வளர்த்தெடுத்தார். சாப்மன் பல ஆய்வகங்களின் பதிவுகளைத் திரட்டி, சூரியனால் விளையும் அன்றாட மாற்றத்தையும் நிலவால் விளையும் மிகச்சிறிய மாற்றத்தையும் பிரித்துக் காட்டினார். சூரியனின் உயரத்துக்கேற்ப அயனியாக்கம் எவ்வாறு மாறும் என்பதை இவரது 1931ஆம் ஆண்டுச் சமன்பாடு தருகின்றது.

பிழம்பின் எக்சு கதிர்களும் புறஊதாக் கதிர்களும் எட்டு நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் புவியை அடைகின்றன. உடனே அயனிமண்டலத்தில் எதிர்மின்னிகள் பெருகி மின்கடத்துதிறன் உயர்கின்றது. ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டம் வலுப்பெறுகின்றது. அதுவே காந்தமானியில் கொக்கியாகப் பதிகின்றது. இரவுப் பக்கத்தில் இவ்விளைவு தோன்றுவதில்லை. இதனைக் காந்தப்புயலுடன் குழப்பிக்கொள்ளலாகாது. புயலை உண்டாக்குவது பொதுவாக ஒன்று முதல் மூன்று நாள்கள் கழித்து வந்துசேரும் சூரியப் பொருளாகும். அப்புயலின் தொடக்கம் பற்றிய கோட்பாட்டையும் சாப்மன் தம் மாணவர் பெராரோவுடன் சேர்ந்து உருவாக்கினார்.

மின்தாரையும் தென்னிந்தியாவும்

பெரு நாட்டின் உவான்காயோவில் நண்பகல் காந்த மாற்றம் வியக்கத்தக்க அளவு பெரிதாக இருந்தது. காந்த நடுக்கோட்டை ஒட்டி, ஏறத்தாழ 105 கிலோமீட்டர் உயரத்தில், சில நூறு கிலோமீட்டர் அகலமே கொண்ட பட்டையில் மின்னோட்டம் குவிந்து ஓடுவதே இதற்குக் காரணம். 1951இல் சாப்மன் இதற்கு மின்தாரை எனப் பெயரிட்டார். இப்பட்டை தென்னிந்தியாவின் மேலும் செல்கின்றது. பிழம்பு தோன்றும்போது இதன்கீழுள்ள நிலையங்களில் கொக்கி பெரிதாகப் பதிவது வழக்கம்.

1899இல் நிறுவப்பட்ட கோடைக்கானல் ஆய்வகத்தில், நின்றுபோயிருந்த காந்தப் பதிவுகள் 1949இல் மீண்டும் தொடங்கின. ஒரே மலையிலிருந்து சூரியனையும் காந்த ஊசியையும் ஒருங்கே கண்காணிக்க முடிந்தது பெரும் வாய்ப்பாகும். புதுக்கோட்டை நகரம் ஏறத்தாழ இதே அகலாங்கில் அமைந்திருப்பதால், கோடைக்கானலின் அன்றைய பதிவுகள் புதுக்கோட்டை மாவட்டத்தின் மேலுள்ள வானுக்கும் பெரும்பாலும் பொருந்தும். சாப்மன் தலைமையேற்ற பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டை (சூலை 1957 – டிசம்பர் 1958) ஒட்டி, அண்ணாமலைநகரிலும் திருவனந்தபுரத்திலும் காந்த ஆய்வகங்கள் தோன்றின. தும்பாவில் 1963இல் ஏவூர்தித் தளம் அமைந்ததற்கும் காந்த நடுக்கோட்டின் அருகாமையே காரணம்.

கருத்து வேறுபாடு

துருவப் பகுதி மின்னோட்டங்கள் குறித்து சாப்மன் கொண்ட கருத்து பிழையானது. அவை வளிமண்டலத்துக்குள்ளேயே சுற்றி முடிகின்றன என்று அவர் வாதிட்டார். காந்தக் கோடுகள் வழியே விண்வெளியிலிருந்து மின்னோட்டம் வருகின்றது என்ற பிர்க்கலாந்தின் கருத்தையும், அதை ஆதரித்த ஆல்ப்வேனையும் அவர் ஏற்கவில்லை. அவரது செல்வாக்கினால் மாற்றுக் கருத்து பல பத்தாண்டுகள் புறக்கணிக்கப்பட்டது என்றே கூறவேண்டும். சாப்மன் கொலராடோவின் போல்டர் நகரில் காலமான 1970ஆம் ஆண்டிலேயே ஆல்ப்வேன் நோபல் பரிசு பெற்றார். அடுத்த சில ஆண்டுகளில் செயற்கைக்கோள் அளவீடுகள் பிர்க்கலாந்தின் கருத்தை உறுதிசெய்தன.