வெள்ளையரிடையே ஒற்றைக் கறுப்பு மாணவர்
பாடகர் பால் ராப்சனின் கல்லூரி நாட்கள்

அமெரிக்கக் கறுப்பர் இனத்துப் பாடகரும் நடிகருமான பால் ராப்சனின் கம்பீரக் குரலை உலகம் அறியும். ஆனால் வெள்ளை மாணவர்கள் நிறைந்த கல்லூரியில் அவர் பட்ட பாட்டைப் பலர் அறியமாட்டார்கள்.

நியூஜெர்சி மாநிலத்திலுள்ள பிரின்ஸ்டன் நகரில் 1898 ஏப்ரல் 9-ந் தேதி அவர் பிறந்தார். தந்தை வில்லியம் ராப்சன் அடிமையாகப் பிறந்தவர். இளம் வயதில் தப்பியோடி, கல்வி கற்றுப் பாதிரியார் ஆனவர். பாலுக்கு ஆறு வயது நிறையுமுன் தாயார் தீ விபத்தில் மாண்டார். தந்தையே தாயாகவும் இருந்து வளர்த்தார். மதிப்பெண் சற்றுக் குறைந்தாலும் அவர் காரணம் கேட்பார்.

மாநில அளவில் நடந்த தேர்வில் வென்று, உபகாரச் சம்பளத்துடன் 1915-ல் ரட்கர்ஸ் கல்லூரியில் பால் சேர்ந்தார். அக்கல்லூரியின் நீண்ட வரலாற்றில் அவர் மூன்றாவது கறுப்பு மாணவர். சேர்ந்தபோது அங்கிருந்த ஒரே கறுப்பரும் அவரே.

அமெரிக்கக் கால்பந்து என்பது பந்தைக் கையில் ஏந்தி ஓடி, முட்டி மோதி ஆடும் ஆட்டம். கல்லூரி அணியில் சேர அவர் மைதானத்தில் இறங்கிய முதல் நாளே சக மாணவர்கள் திட்டமிட்டுத் தாக்கினார்கள். மூக்கு உடைந்தது, தோள்பட்டை பிசகியது. பல நாட்கள் படுக்கையில் கிடந்தார். விட்டுவிடலாமா என்ற எண்ணமும் வந்தது. ஆனால் தான் விலகினால் பின்னால் வரும் கறுப்புப் பிள்ளைகளுக்கும் கதவு அடைபடும் என்பதைத் தந்தை அவர் மனத்தில் பதித்திருந்தார். எழுந்து மீண்டும் மைதானத்துக்குப் போனார். அப்போது ஒருவன் அவர் கைவிரல்களைப் பூட்ஸ் காலால் மிதித்தான். ஆத்திரத்தில் பால் ஒருவனைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். பயிற்சியாளர் ஓடிவந்து தடுத்து, அணியில் இடம் கிடைத்துவிட்டதென்று அறிவித்தார்.

அதோடு துன்பம் தீரவில்லை. 1916-ல் கல்லூரியின் 150-ஆம் ஆண்டு விழாவையொட்டி, தென் மாநிலமான வர்ஜீனியாவிலிருந்து ஓர் அணி ஆட வந்தது. கறுப்பர் இறங்கினால் ஆடமாட்டோம் என்று அந்த அணி மறுத்தது. ரட்கர்ஸ் பணிந்தது. எதிரியின் அடியைவிட, தன் கல்லூரியே தன்னை உட்கார வைத்தது வலித்திருக்கும். பாடகர் குழுவிலும் இதே கதைதான். உள்ளூரில் பாடலாம், வெளியூர்க் கச்சேரிகளுக்குப் போக முடியாது. கச்சேரிக்குப் பின் விருந்தும் நடனமும் உண்டல்லவா!

பால் படிப்பாலும் ஆட்டத்தாலும் பதில் சொன்னார். 1917-ல் அகில அமெரிக்கச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராகத் தேர்வானார். 1919-ல் பட்டமளிப்பு விழாவில் மாணவர்கள் சார்பில் உரையாற்றும் பெருமை அவருக்கே கிடைத்தது. அதைக் காணத் தந்தை இல்லை. முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

பிறகு சட்டம் படித்தார். மேடையில் உலகப் புகழ் பெற்றார். இன ஒதுக்கலை எதிர்த்து ஓயாது பேசினார். 1950-ல் அமெரிக்க அரசு அவரது பாஸ்போர்ட்டைப் பறித்தது. எட்டு ஆண்டுகள் அவரால் கடல் கடந்து செல்ல முடியவில்லை. 1976 ஜனவரி 23-ந் தேதி காலமானார்.

2019-ல் ரட்கர்ஸ் தன் வளாகத்தில் ஒரு சதுக்கத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது. அவர் பட்டம் பெற்று அப்போது 100 ஆண்டுகள் ஆகியிருந்தன.